டிரில்லில் ஓடும் நாற்காலி

"மூணாவது டிரில்லும் கருகிப்போச்சுங்க அம்மணி."

மருதாசலம் அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மேசைமேல் வைத்துத் துண்டை விலக்கினார். பொசுங்கின வாடை கடை முழுக்கப் பரவியது.

ஜெசிந்தா மூக்கைச் சுளிக்கவில்லை. பதினைந்து வருஷமாக அந்த வாடையில் உட்கார்ந்துதான் சோறு தின்கிறாள்.

குரு, சீடன் என்றெல்லாம் சொன்னால் இரண்டு பேருக்குமே கோபம் வரும். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. டிரில், கட்டர், கிரைண்டர் என்று கையில் பிடித்து ஓட்டுகிற மெஷின்களை ரிப்பேர் பார்க்கிறவள். அவருக்கு ஐம்பத்தொன்பது. பவுண்டரியில் பேட்டர்ன் வேலை பார்த்து ஓய்ந்தவர். இரும்பு வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்துகொடுக்கிற வேலை. தன்னைவிட இருபது வயசு சின்னவளிடம் போய்க் கைகட்டி நிற்பதா என்று முதல் டிரில் கருகியபோது அவருக்கும் தோன்றியதுதான். இரண்டாவது கருகியபோது அந்த வீறாப்பு போய்விட்டது.

"எனக்குக் கத்துக் குடுங்க" என்று அன்றைக்கே கேட்டுவிட்டார்.

"நான் ரிப்பேர்தான் பார்ப்பேன்" என்றாள் அவள்.

இப்போது மூன்றாவது.

"எந்த நம்பர்ல வச்சீங்க?"

"நம்பருங்களா?"

பேட்டரியில் ஓடும் டிரில்லின் கழுத்தில் ஒரு வளையம் உண்டு. ஒன்றிலிருந்து இருபது வரை நம்பர் போட்டிருக்கும். இருபது முடிந்ததும் துளை போடும் ஊசியின் படம் ஒன்று இருக்கும். ஜெசிந்தா அந்த வளையத்தை விரலால் தட்டிக் காட்டினாள்.

"ஓ, இதுங்களா. அந்தப் படத்துலதான் வச்சேன். அதுதானே ஃபுல்லு. மூணையுமே ஃபுல்லுலதான் ஓட்டுனேன்."

"ஏனுங்ணா?"

"பலம் வேணுமில்லீங்க? ஒரு மனுசிய இழுக்கோணும். பாதி வழியில நின்னுபோச்சுன்னா?"

அவள் அலமாரியிலிருந்து வேறொரு டிரில்லை எடுத்தாள். வளையத்தை ஒன்றுக்குத் திருப்பினாள். சக் என்று சொல்கிற, ஊசி மாட்டும் மூக்கை அவர் பக்கம் நீட்டினாள்.

"சக்கைப் புடிங்க."

பிடித்தார்.

விசையை அமுக்கினாள். உள்ளே டக டக டக என்று ஏதோ வழுக்கிக்கொண்டு சுற்றியது. சக் சுற்றவில்லை. அவர் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

அவள் விசையை விட்டாள். வளையத்தைப் படத்துக்குத் திருப்பினாள். மறுபடி நீட்டினாள்.

"இப்பப் புடிங்க."

அவர் கை பாதி தூரம் போனது. அங்கேயே நின்றது.

"கை முறுக்கிக்குமே அம்மணி. இதுல விட்டே குடுக்காதே."

அவள் டிரில்லை அலமாரியில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

இன்னும் ஏதாவது சொல்வாள் என்று கால்மணி நேரம் நின்றார். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே போனார்.

*

வீட்டில் அவர் மனைவி துளசிமணி கட்டிலில் இருந்தாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

இருபத்தாறு வருஷம் நூல் மில்லில் வேலை பார்த்தவள். இழை அறுந்த இடமெல்லாம் ஓடி ஓடி முடிச்சுப் போடுகிற வேலை. ஒரு ஷிப்டுக்குப் பத்துக் கிலோமீட்டராவது மில்லுக்குள்ளேயே நடப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் உட்கார மாட்டாள். "உக்காந்தா காலு கோவிச்சுக்குதுங்க" என்பாள்.

சர்க்கரை வியாதி முதலில் வலது பாதத்தை வாங்கிக்கொண்டது. பிறகு வலது முழங்கால் வரை. பிறகு இடது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு ஒரே ஒரு வாக்கியம் பேசினாள்.

"என்னையத் தூக்கிட்டுப் போயிக் கல்லுக்குழியில போட்டுருங்க."

அதற்கப்புறம் ஏழு மாசம். கேட்டதற்கு "ம்" என்பாள். சில நாள் அதுவும் இல்லை.

யாரோ ஒரு புண்ணியவான் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தார். அது சந்துக்குள் நுழையவில்லை. அவர்கள் வீட்டுச் சந்து இரண்டரை அடி. இரண்டு பக்கமும் சுவர், அதிலேயே ஒரு ஓரமாகச் சாக்கடை. நாற்காலி சந்து முனையிலேயே நின்று துருப்பிடித்தது. அக்கம்பக்கத்துக்காரர்கள் அதன்மேல் துணி காயப்போட்டார்கள்.

அதனால்தான் மருதாசலம் தானே செய்ய உட்கார்ந்தார். ஒன்றேகால் அடி அகலத்தில் ஒரு பலகை. அடியில் நாலு சின்னச் சக்கரம். முன்சக்கரத்தைத் திருப்ப ஒரு கைப்பிடி. பலகைக்குக் கீழே டிரில்லைப் படுக்கப்போட்டு இறுக்கினார். அதன் சக்கில் ஒரு நீள போல்ட், போல்ட்டில் சைக்கிள் பல்சக்கரம், அங்கிருந்து பின்சக்கரத்துக்குச் செயின். விசையை அமுக்க சைக்கிள் பிரேக் ஒயர், பிரேக் லீவர். பலகைமேல் கை இல்லாத ஒரு பிளாஸ்டிக் சேர். அதன் காலை அறுத்துத்தான் பலகையில் வைத்தார். அதை மட்டும் அவள் தூங்கும்போது அறுத்தார்.

*

"இப்பக் கருகலீங்க. ஆனா நகரவும் மாட்டேங்குது. டக டகன்னு கத்திட்டு நிக்குது."

"எந்த நம்பரு?"

"இருவது."

"என்ன ஏத்துனீங்க?"

"மணல் மூட்டை. தொண்ணூறு கிலோ."

ஜெசிந்தா தலையைத் தூக்கினாள். "வீட்டம்மா தொண்ணூறு கிலோவுங்களா?"

"எழுவதுங்க. நான் கொஞ்சம் கூட்டி வச்சேன்."

பேட்டர்ன் வேலைக்காரர்களின் புத்தி அது. உருகின இரும்பு ஆறும்போது சுருங்கும், ஒரு அடிக்கு எட்டில் ஒரு அங்குலம். அதனால் மர உருவத்தை அந்த அளவுக்குப் பெரிதாகத்தான் செய்வார்கள். நாற்பது வருஷம் அப்படிச் செய்த கை, சட்டைத் துணி எடுத்தாலும் கொஞ்சம் கூட்டித்தான் எடுக்கும். சுருங்கிப்போனால் என்ன செய்வது என்ற பயம் கூடவே இருக்கும்.

"எழுவதுன்னு எப்பப் பார்த்தீங்க?"

"மில்லுக்குப் போயிட்டிருந்தப்ப."

"இப்ப?"

மருதாசலம் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டார். தெரிந்தால்தானே சொல்வதற்கு.

பழைய செம்புக் கம்பி நிறுக்கிற தட்டைத் தராசு ஒன்று மேசைக்கடியில் கிடந்தது. ஜெசிந்தா அதைக் குனிந்து எடுத்து, தூசியைத் தட்டி, அவர் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போய்த் தராசைத் தரையில் வைத்தார். முதலில் தான் மட்டும் ஏறினார். அறுபத்தொன்று.

பிறகு துளசிமணியைத் தூக்கினார். தூக்கும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். இப்போதும் மூடிக்கொண்டாள். அப்படியே தராசில் ஏறிக் குனிந்து பார்த்தார்.

தொண்ணூற்றொன்பது.

கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்தார். இன்னொரு தரம் போட்டார். முப்பத்தெட்டு.

கால்கள் போனதற்கு ஒரு எடை உண்டு, அதைத் தள்ளிவிடலாம். மீதி எங்கே போனது? ஏழு மாசமாகக் காலை, மதியம், சாயங்காலம் தூக்கி இறக்குகிறார். கையில் இருந்தவள் கையிலேயே குறைந்துகொண்டு வந்திருக்கிறாள். தினம் தூக்கியவருக்கே தெரியவில்லை.

இரும்புக்குக் கணக்கு இருந்தது. இதற்கு யாரும் அவருக்குக் கணக்குச் சொல்லித் தரவில்லை.

அவளைக் கட்டிலில் விட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். மூட்டையின் கட்டை அவிழ்த்தார். தொண்ணூறு கிலோ மணலும் சரசரவென்று தரையில் கொட்டுகிற சத்தத்தில் வாய்விட்டு அழுதார். அந்தச் சத்தத்துக்காகத்தான் அவிழ்த்தாரோ என்னவோ.

*

"பன்னண்டுல நல்லா ஓடுதுங்க."

"அப்புறமென்ன?"

"அவ உக்கார மாட்டேங்கறா."

ஜெசிந்தா ஒரு டிரில்லில் தேய்ந்துபோன கார்பன் துண்டை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"வண்டியப் பக்கத்துல கொண்டுபோனாலே செவுத்துப் பக்கம் திரும்பிக்கறா. எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். கோயிலுக்குப் போலாம்னேன். பஸ் ஸ்டாப்புல டீ குடிச்சுட்டு வரலாம்னேன். மில்லு வாசல் வரைக்கும் ஒருநா போயிட்டு வரலாம்னேன். ஒண்ணும் பேச மாட்டேங்கறா அம்மணி. நான் ஒரு ஆளு நிக்கறதே அவ கண்ணுக்குத் தெரியறதில்ல."

"வண்டியக் கொண்டாங்க."

மறுநாள் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார். ஜெசிந்தா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். செயினை ஆட்டிப் பார்த்தாள். வேலை சுத்தம். பலகையின் ஓரங்களைக்கூட உரசி வழவழவென்று ஆக்கியிருந்தார்.

"லீவர் எங்க?"

"பின்னாலங்க." சேரின் முதுகில், நிற்கிற ஆளின் இடுப்பு உயரத்துக்கு ஒரு குழாய் எழும்பியிருந்தது. அதன் நுனியில் பிரேக் லீவர் மாட்டியிருந்தது. "நான் புடிச்சுட்டுப் பின்னாலயே நடந்துக்குவேன். முன்சக்கரத்தையும் இந்தக் குழாயிலயே திருப்பிக்கலாம். அவ ஒண்ணுமே செய்ய வேண்டியதில்ல. சும்மா உக்காந்தாப் போதும்."

"உக்காருங்க."

"யாரு, நானா?"

"ஆமாங்ணா."

உட்கார்ந்தார். அவள் குனிந்து வளையத்தை இருபதுக்கு மாற்றிவிட்டுப் பின்னால் போய் லீவரை அமுக்கினாள்.

டிரில் கத்திக்கொண்டு கிளம்பியது. கடையைத் தாண்டியது. பேக்கரியைத் தாண்டியது. பேக்கரி வாசலில் பன் தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர் சிரித்தார். ஒருத்தர் "பாவம்" என்றார்.

"போதும் அம்மணி."

வண்டி போய்க்கொண்டிருந்தது.

"அம்மணி, மெயின் ரோடு வருது."

வண்டி நிற்கவில்லை. மருதாசலத்தின் கைகள் சேரின் இரண்டு பக்கமும் எதையோ தேடின. பிடிக்க ஒன்றும் இல்லை. அவரே செய்த வண்டி. அதில் உட்காருகிறவர் கைக்கென்று அவர் ஒன்றும் வைக்கவில்லை.

"நிறுத்துங்க! லாரி வருது, நிறுத்துங்கங்கறேன்!"

முன்சக்கரம் தார்ரோட்டின் விளிம்பைத் தொட்டபோது ஜெசிந்தா லீவரை விட்டாள். வண்டி அந்த இடத்திலேயே நின்றது. லாரி முகத்தில் புழுதியை அடித்துவிட்டுப் போனது.

திரும்பிப் பார்த்தார். அவள் கடைக்கு நடந்துகொண்டிருந்தாள்.

அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ரோட்டில் போகிறவர்கள் முதலில் அவரை மேலிருந்து பார்த்தார்கள், அப்புறம் பார்க்காததுபோல் போனார்கள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று அவருக்கே தெரியாது. தனக்குக் கால் இருக்கிறது என்பது ஒரு கட்டத்தில்தான் நினைவு வந்தது. எழுந்தார்.

வண்டியைப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு கடைக்கு வந்து சேர்ந்தார். வண்டியை மேசையில் இடித்து நிறுத்தினார். கோபத்திலா என்றால், கோபமும்தான்.

"லீவரை முன்னால வைக்கத் தெரியாத முட்டாளுன்னு நெனச்சீங்களா என்னைய?"

அவள் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினாள்.

"எங்க சந்து முடியற இடத்துல வலது பக்கம் பஸ் ரோடு. இடது பக்கம் கல்லுக்குழி. கல்லு ஒடச்சு விட்டுட்டுப் போன குழி, நாப்பதடித் தண்ணி நிக்குது. வேலி கெடையாது. வீட்டுக்கு வந்த அன்னைக்கு அவ எங்கிட்டப் பேசுனது ஒரே பேச்சு. அந்தக் குழியில கொண்டுபோயிப் போடச் சொன்னா. லீவர அவ கையில குடுத்தா எந்தப் பக்கம் திரும்புவான்னு எனக்குத் தெரியுமுங்க. இந்த ஊருல எனக்கு மட்டுந்தான் தெரியும்."

சொல்லி முடித்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மகளிடம்கூடப் போனில் "அம்மா நல்லாருக்கா" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜெசிந்தா வண்டியைக் கையால் பின்னோக்கி இழுத்துப் பார்த்தாள்.

"திரும்பி வர்றதுக்கு என்ன வச்சிருக்கீங்க?"

"என்னங்க?"

"சந்து ரெண்டரை அடின்னீங்க. வண்டியத் திருப்ப முடியாது. போனவங்க எப்படி வருவாங்க?"

"நான் புடிச்சுப் பின்னால இழுத்துக்குவேன்."

"போறதுக்கு மட்டும் ஒரு வண்டி பண்ணிருக்கீங்க" என்றாள் ஜெசிந்தா. "அப்புறம் போயிருவாங்கன்னு பயப்படறீங்க."

மருதாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

*

அந்த வாரம் முழுக்கப் பின்கட்டில் வேலை நடந்தது. பின்னால் இருந்த குழாயை அறுத்து எடுத்தார். கைப்பிடியையும் லீவரையும் சேருக்கு முன்னால் கொண்டுவந்தார். லீவரை வைத்தார், கழற்றினார், மறுபடி வைத்தார். ஒரு நாள் முழுக்க அப்படியே போனது.

டிரில்லில் விசைக்கு மேலே ஒரு சின்னப் பட்டன் உண்டு. இந்தப் பக்கம் தள்ளினால் முன்னால் சுற்றும், அந்தப் பக்கம் தள்ளினால் பின்னால் சுற்றும். இத்தனை மாசத்தில் அவர் அதைத் தொட்டதே இல்லை. உட்கார்ந்தபடியே அந்தப் பட்டனைத் தள்ளவும் இழுக்கவும் சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பி ஒன்றை வளைத்து மாட்டினார்.

கம்பி வளைந்ததே தவிரப் பட்டன் நகரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டிரில்லைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். ஷேவ் செய்து நாலு நாள் ஆகியிருந்தது.

"இதுவும் முடியாதுங்க அம்மணி. பட்டன் ஜாமாயிருச்சு. வெரல்ல தள்ளிப் பார்த்தேன், பிளையர்ல தள்ளிப் பார்த்தேன். எனக்குன்னு வாச்ச டிரில்லு, அதுக்குத் திரும்பி வரவே தெரியாது போலிருக்கு."

"தள்ளுங்க, பார்க்கறேன்."

வலது கையில் டிரில்லைப் பிடித்தார். அது வர்ரென்று ஓடியது. இடது கட்டை விரலால் பட்டனை அழுத்தித் தள்ளினார். நகம் வெளுத்தது. பட்டன் அசையவில்லை.

"பாருங்க. கல்லு மாதிரி நிக்குது."

"கைய எடுங்க."

இடது கையை எடுத்தார்.

"அந்தக் கை இல்லீங்ணா."

மருதாசலம் வலது கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரல் விசையை அமுக்கிக்கொண்டே இருந்தது. டிரில் ஓடிக்கொண்டே இருந்தது. டிரில்லைக் கையில் எடுத்தாலே அவர் விரல் விசையை அமுக்கிவிடும். நின்றுபோய்விடக் கூடாதே என்ற பயத்தில் எத்தனையோ நாளாகத் தொற்றிக்கொண்ட பழக்கம்.

விரலை எடுத்தார்.

சத்தம் நின்றது.

பட்டனைத் தொட்டார். ஒரு விரல் பட்டதும் டக்கென்று அந்தப் பக்கம் போனது. திரும்பத் தொட்டார். டக்கென்று இந்தப் பக்கம் வந்தது.

டக். டக்.

சின்னக் குழந்தை சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பதுபோல அதையே செய்துகொண்டிருந்தார். ஜெசிந்தா தடுக்கவில்லை.

கடைப்படி இறங்கினவர் திரும்பி நின்றார்.

"எல்லாம் செஞ்சு குடுத்தும் அவ திரும்பி வரலீன்னா?"

எதற்கும் டக்கென்று ஏதாவது ஒன்றைச் செய்து காட்டுகிறவள், இந்தத் தடவை கையில் எதையும் எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியலீங்ணா" என்றாள்.

*

மறுநாள் மத்தியானம். சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. வெயில் நேராக இறங்கியது.

வண்டியைக் கட்டிலை ஒட்டி நிறுத்தினார்.

"துளசி, இங்க பாரு. இந்த லீவர அமுக்குனாப் போகும். விட்டா நின்னுக்கும். நின்ன பொறகு இந்தக் கம்பிய இழுத்துட்டு மறுபடி அமுக்குனா, பின்னால வரும். ஓடறப்ப இழுத்தா வராது. நின்னாத்தான் வரும்."

வகுப்பில் ஒப்பிக்கிற பையனைப்போல் சொல்லி முடித்தார்.

துளசிமணி சுவரிலிருந்து தலையைத் திருப்பினாள். வண்டியைப் பார்த்தாள். பின்னால் குழாய் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைதான் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முன்னால் இருந்த லீவரைப் பார்த்தாள்.

இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றினாள். அவர் தூக்கக் குனிந்தார். அவள் தலையை ஆட்டினாள். சேரின் உயரமும் கட்டிலின் உயரமும் ஒன்றாகத்தான் இருந்தன, அதை மட்டும் அவர் கூட்டாமல் குறைக்காமல் செய்திருந்தார். ஊன்றி, நகர்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி ஊன்றி, தானே ஏறி உட்கார்ந்தாள். கண்ணை மூடவில்லை.

வாசற்படிக்குப் பலகைச் சரிவு போட்டிருந்தார். அதில் பிடித்து இறக்கிச் சந்தில் விட்டார்.

அவள் லீவரை அமுக்கினாள்.

டக டக டக டக.

வண்டி நகரவில்லை.

எத்தனை மாசத்து வேலை, ஒரு தரம் அவள் உட்கார்ந்திருக்கிறாள், இப்போது போய் இப்படி! மருதாசலம் எட்டிக் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். கல் எதுவும் தட்டவில்லை. செயின் சரியாக இருந்தது. பேட்டரி காலையில்தான் சார்ஜ் ஏற்றியது.

அவள் மறுபடி அமுக்கினாள்.

டக டக டக டக.

"பன்னண்டு பத்தாது போல. இரு, பதினஞ்சுல வச்சர்றேன். கொஞ்சம் இரு துளசி, ஒரு நிமிசம்..."

"ஏனுங்க."

வளையத்துக்கு நீண்ட அவர் வலது கை அங்கேயே நின்றது. அந்தக் குரலை மறந்தே போயிருந்தார். ஏழு மாசத்துக்கு அப்புறம் அவரைக் கூப்பிடுகிறாள்.

திரும்பாமலே சொன்னாள்.

"கைய எடுங்க."

பார்த்தார். அவருடைய இடது கை சேரின் முதுகைப் பிடித்திருந்தது. விரல் கணுக்கள் வெளுக்கிற அளவுக்குப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தார் என்று அவருக்கே தெரியாது.

ஒவ்வொரு விரலாகத்தான் எடுக்க முடிந்தது.

வண்டி நகர்ந்தது. நடக்கிற வேகம்கூட இல்லை. துவைக்கிற கல்லைத் தாண்டியது. அடுத்த வீட்டுத் தண்ணீர் டிரம்மைத் தாண்டியது. டிரில்லின் சத்தம் இரண்டு பக்கச் சுவரிலும் மோதிக்கொண்டு போனது. அவளுடைய பின்னந்தலை மட்டும் தெரிந்தது. மில்லுக்குப் போகிற நாட்களில் போடுவதுபோல முடியை இறுக்கக் கொண்டை போட்டிருந்தாள். எப்போது போட்டாள்?

சந்து முனை வந்தது.

முன்சக்கரம் இடது பக்கம் திரும்பியது.

மருதாசலம் ஒரு காலை எடுத்து வைத்தார். "துளசி" என்று கூப்பிட வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். எடுத்த காலைத் திரும்ப வைத்துக்கொண்டார். இரண்டு கைகளும் சும்மா தொங்கின. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சேரின் முதுகு மறைந்தது. சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. கல்லுக்குழிக்கு அங்கிருந்து பத்து எட்டு வைக்கிற தூரம்தான். அந்தத் தடமும் குறுகல்தான், ஒரு பக்கம் முள்ளு. வண்டியைத் திருப்ப இடம் கிடையாது.

சத்தம் நின்றது.

விட்டால்தான் நிற்கும். நின்றால்தான் பட்டன் நகரும். அது அவருக்குத் தெரியும். வேறு எதுவும் அவருக்குத் தெரியாது.

எங்கேயோ ஒரு காகம் கத்தி ஓய்ந்தது. வெயில் அசையாமல் நின்றது. அவர் சந்து முனையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெகுநேரம் கழித்து, சுவருக்கு அந்தப் பக்கம் டக்கென்று பட்டனின் சின்னச் சத்தம் கேட்டது.